செய்தியும் வரலாறும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டார அபுனைவு நூல்களை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

நடப்புச் செய்திகளை விளங்கிக்கொள்ள வரலாற்று நூல்கள் வேண்டும். வரலாற்று நூல்களைச் சோதித்து அறிய நடப்புச் செய்திகள் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கும் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. விழுப்புரம் மாவட்டத்தில் அண்மையில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளும் அவற்றோடு தொடர்புடைய அபுனைவு நூல்களும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அபுனைவு, வட்டார வரலாறு, நாட்குறிப்பு, செஞ்சி, ஓமந்தூரார், இருவேல்பட்டு, பாடத்திட்டம்.

முன்னுரை

தமிழ்த்துறைகளில் ‘வாசிப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் இலக்கிய வாசிப்பையே குறித்து நிற்கிறது. சங்கப் பாடல் முதல் தற்கால நாவல் வரை நீளும் பட்டியலில் நாட்குறிப்பு, வாழ்க்கை வரலாறு, ஊராய்வு, வரலாற்று நூல் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. ‘உரைநடையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற தலைப்பின்கீழ் அவை நூற்பெயர்களாக அறிமுகமாகின்றன. நூல்களாக வாசிக்கப்படுவது அரிது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பற்றிக் குறிப்பு வரையும் மாணவர், அந்நாட்குறிப்பின் ஒரு பக்கத்தையேனும் புரட்டாமலே முழு மதிப்பெண் பெற்றுவிட இயலும்.

மறுபுறம், அதே மாணவரின் கைப்பேசியில் நாள்தோறும் செய்திகள் வந்து குவிகின்றன. 2023 சூன் மாதத்தில் விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதியினரின் வழிபாட்டு உரிமை தொடர்பான மோதலையடுத்து முத்திரையிடப்பட்டது. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் வெள்ளத்தின்போது நிவாரணம் கேட்டுச் சாலை மறியல் செய்த இருவேல்பட்டு மக்களைச் சந்திக்கச் சென்ற அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இம்மூன்றும் ஒரே மாவட்டத்தில், ஈராண்டுக்குச் சற்றே மிகுந்த கால எல்லைக்குள் நிகழ்ந்தவை. மூன்றும் சில நாள்கள் பேசப்பட்டு அடுத்த செய்தி வந்ததும் மறைந்தன.

இவ்வொவ்வொரு செய்திக்கும் பின்னணியை விளக்கவல்ல நூல்கள் முன்னரே எழுதப்பட்டுள்ளன. செய்தியைப் படித்தவரிடம் அந்நூல் சென்று சேரவில்லை; நூலைக் கற்பிப்போர் செய்தியைத் தொடவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வரலாற்றுத் துறைக்கு மட்டும் உரியதன்று, தமிழ்த்துறைக்கும் உரியது என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

புனைவும் அபுனைவும்

நடந்ததை நடந்தவாறு கூற முயலும், சான்றுக்குக் கட்டுப்படும் எழுத்தை ‘அபுனைவு’ என்னும் சொல்லால் குறிப்பது இன்று வழக்காகிவிட்டது. வரலாறு, நாட்குறிப்பு, தன்வரலாறு, கள ஆய்வு, இதழியல் கட்டுரை ஆகியன இதனுள் அடங்கும். புனைவைக் காட்டிலும் அபுனைவு உயர்ந்தது என்று கூறுவது இங்கு நோக்கமன்று. இரண்டும் தரும் அறிவு வேறு வேறு என்பதே கருதத்தக்கது.

தேசிங்குராசன் கதைப்பாடல் இதற்குத் தக்க சான்று. செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர்ப் பகுதி மக்களின் நினைவில் தேசிங்கு இன்றும் வீரனாக வாழ்வதற்கு அப்பாடலே காரணம். அவனுடைய குதிரையும் இசுலாமிய நண்பனின் உயிர்த்தியாகமும் தெருக்கூத்து மேடையில் இன்னும் கண்ணீரை வரவழைக்கின்றன. ஆயின் வரலாற்று நூல்களின்படி, புந்தேலா மரபினனான தேசிங்கு செஞ்சியில் ஆட்சி செலுத்தியது ஓராண்டுக்கும் குறைவான காலமே; ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நிகழ்ந்த போரில் 1714 அக்டோபரில் அவன் வீழ்ந்தான். கதைப்பாடல் மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினர் என்பதைச் சொல்கிறது. வரலாற்று நூல் கப்பம், படை, அதிகாரம் ஆகியவற்றின் கணக்கைச் சொல்கிறது. ஒன்றை மட்டும் படித்தவர் மற்றொன்றை இழக்கிறார்.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம், காவல் நிலைய வன்முறையைத் தமிழகம் முழுவதும் பேசவைத்தது. திரைப்படத்தில் பாதிக்கப்பட்டோர் இருளர் சமூகத்தினராகக் காட்டப்பட்டனர். அதற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டுக் கம்மாபுரம் வழக்கில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர். திரைக்கதைக்கு இம்மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் திரைப்படத்தோடு நின்றுவிடும் பார்வையாளருக்கு ஒரு சமூகத்தின் துயரம் மற்றொரு சமூகத்தின் பெயரில் பதிவாகிவிடுகிறது. வழக்கு ஆவணத்தைத் தேடிச் செல்லும் பழக்கம் இருந்தால் மட்டுமே இரு சமூகங்களின் நிலையும் தனித்தனியே விளங்கும். அபுனைவு வாசிப்பின் முதற்பயன் இத்தகைய திருத்தமே.

செஞ்சி: மராட்டியப் பட்டியலில் ஒரு தமிழகக் கோட்டை

2025 சூலை 11 அன்று பாரிசில் நடைபெற்ற உலக மரபுரிமைக் குழுவின் 47ஆம் அமர்வில், இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை; எஞ்சிய ஒன்று செஞ்சி. இச்செய்தி வட்டார மக்களுக்கு மகிழ்ச்சியை அளித்தது. உடன் ஒரு கேள்வியையும் எழுப்பியது: தமிழகக் கோட்டை மராட்டியப் பட்டியலில் ஏன் இடம்பெற வேண்டும்?

இதற்கு விடை தேடுவோர் முதலில் எடுக்கவேண்டிய நூல், சி. எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு. நாயக்கர் ஆட்சி, 1649இல் பீஜப்பூர் சுல்தானியத்தின் கைப்பற்றல், 1677இல் சிவாஜியின் வருகை, 1698இல் முகலாயர் வெற்றி, 1750இல் பிரெஞ்சுப் படையின் திடீர்த் தாக்குதல், 1761இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது எனக் கோட்டை கைமாறிய வரலாற்றை அந்நூல் தொடர்ச்சியாகக் காட்டுகிறது. சம்பாஜி 1689இல் கொல்லப்பட்டபின் அவருடைய தம்பி இராஜாராம் மராட்டிய நாட்டை விட்டுத் தெற்கே வந்து செஞ்சியை அடைந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகை 1690 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்தது. அவ்வாண்டுகளில் மராட்டிய அரசின் இருக்கை செஞ்சியே என்பதை அறிந்தவருக்கு யுனெஸ்கோவின் பட்டியல் வியப்பளிக்காது.

அந்நூலை வாசிப்பவர் அதன் எல்லையையும் உணர வேண்டும். அதன் தலைப்பே செஞ்சியையும் அதன் ஆட்சியாளரையும் முன்னிறுத்துகிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளிலும் கல் சுமந்தவர் யாவர்? எட்டாண்டு முற்றுகையில் சுற்றுவட்டார உழவர் என்ன உண்டனர்? படைகளுக்குத் தவசம் எவ்வூர்களிலிருந்து சென்றது? ஆட்சியாளரின் வரலாறு இக்கேள்விகளை ஓரத்தில் நிறுத்திவிடுகிறது. அவற்றுக்கான விடையின் ஒரு பகுதியேனும் வேறு வகை நூலில்தான் கிடைக்கும்.

ஆனந்தரங்கர்: நாள்தோறும் எழுதப்பட்ட வட்டாரம்

அத்தகைய நூல் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 சனவரியில் அவர் மறையும் நாள்களை ஒட்டி முடியும் இப்பதிவு, கால் நூற்றாண்டுக் காலத் தென்னாட்டைத் தமிழ்ப் பேச்சுநடைக்கு நெருக்கமான உரைநடையில் காட்டுகிறது. கப்பல் வரவு, துணி வணிகம், தானிய விலை, வதந்தி, வழக்கு, புயல், போர் ஆகிய அனைத்தும் அதனுள் உள. 1750இல் செஞ்சியைப் பிரெஞ்சுப் படை பிடித்ததும், அவ்வாண்டு டிசம்பரில் நிசாம் நாசிர் சங் செஞ்சிக்கருகே கொல்லப்பட்டதும் புதுச்சேரித் தெருக்களில் செய்தியாக வந்து சேர்ந்த விதத்தை அதில் காணலாம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி ஆகிய ஊர்கள் அன்று போர்ப்பாதையில் இருந்தவை. 1760 சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றபின் புதுச்சேரியின் வீழ்ச்சி ஓராண்டுத் தொலைவில் இருந்தது.

இந்நாட்குறிப்பின் பதிப்பு வரலாறே தமிழ்த்துறைக்கு ஒரு பாடம். 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இதன் கையெழுத்துப்படிகளைக் கண்டறிந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலத் தொகுதிகள் அதன் பின்னரே அச்சில் வரத்தொடங்கின. தமிழில் எழுதப்பட்ட ஒரு பெரும் ஆவணம் ஆங்கில வாசகருக்கு முதலிலும் தமிழ் வாசகருக்குப் பின்னரும் கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பில் வந்தவாசி அகநி வெளியீடாக 12 தொகுதிகளும் தமிழில் கிடைக்கின்றன. நூல் கிடைக்கவில்லை என்னும் காரணத்தை இனியும் கூற இயலாது.

ஆயினும் நாட்குறிப்பு கூறுவன அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வது வாசிப்பாகாது. ஆனந்தரங்கர் துய்ப்ளேயின் துபாசி, பெருவணிகர். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த கனகராய முதலியாரோடு அவருக்குப் போட்டி இருந்தது. துய்ப்ளேயின் மனைவியோடு பகை இருந்தது. இவ்விருவரையும் பற்றிய பகுதிகளைப் படிக்கும்போது எழுதியவரின் கண்ணாடியையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் வேதனையுடன் பதிகிறார். ஆளுநரிடம் செல்வாக்குப் பெற்றிருந்தவர் அதைத் தடுக்க இயலாமற்போன நிலையும் அப்பதிவிலேயே வெளிப்படுகிறது. ஓர் ஆவணம் தன் ஆசிரியரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும் இத்தகைய இடங்களைக் கண்டறிவதில், பாட்டும் உரையும் பயின்ற தமிழ் மாணவரின் பயிற்சி பெரிதும் துணைநிற்கும்.

ஓமந்தூரும் மேல்பாதியும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சு 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணப் பிரதமராகப் பதவி வகித்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. கோயில் நுழைவு உரிமையை மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கிய 1947ஆம் ஆண்டுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், 1948ஆம் ஆண்டு சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஆகியன அவர் காலத்தவை. சோமலெ எழுதிய ‘விவசாய முதலமைச்சர்’ என்னும் வாழ்க்கை வரலாறு, உழவர் குடியில் பிறந்து எளிமையாக வாழ்ந்து, வாழ்வின் பிற்பகுதியை வள்ளலார் நெறிக்கும் வடலூர்ப் பணிகளுக்கும் ஒப்படைத்த அவருடைய ஆளுமையை எடுத்துரைக்கிறது.

கோயில் நுழைவுச் சட்டத்தை நிறைவேற்றிய பிரதமர் பிறந்த அதே மாவட்டத்தில், 76 ஆண்டுகளுக்குப் பின், கோயில் நுழைவின் பொருட்டே ஒரு கோயில் பூட்டப்பட்டது. மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் பயனளிக்காத நிலையில் சூன் 7 அன்று வருவாய்த்துறையினர் கோயிலுக்கு முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணைகளையடுத்து 2025 ஏப்ரலில் கோயில் திறக்கப்பட்டு, பட்டியல் சாதியினரும் உள்ளே சென்று வழிபட்டனர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் மெய்யான கேள்வி பிறக்கிறது. சட்டம் இயற்றப்பட்ட நாளுக்கும் அது ஓர் ஊரின் கோயில் வாயிலைச் சென்றடையும் நாளுக்கும் இடையில் நிகழ்வது யாது? தலைவரின் வாழ்க்கை வரலாறு சட்டம் நிறைவேறிய இடத்தில் வெற்றி கூறி அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறது. அஃது அவ்வகை நூலின் இயல்பு. செய்தித்தாளோ மோதல் நிகழ்ந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்றுமே நிகழாதது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் 1978 சூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட கொடிய நிகழ்வு போன்றவை கிடக்கின்றன. அந்நகரில் இன்று கல்லூரிக்குச் செல்லும் மாணவருள் எத்தனைபேர் அதைக் கேள்விப்பட்டிருப்பர் என்பது ஐயத்துக்குரியது. பேசப்படாத வரலாறு மறைந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வீடு வேறு வேறு வடிவில், ஒவ்வொரு தெருவுக்கும் ஏற்ற கதையாகத் தங்கிவிடுகிறது. சான்றுள்ள நூலை எல்லாத் தெருவினரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து வாசிப்பதற்கு ஈடான மாற்று வேறில்லை.

இருவேல்பட்டு: நூறாண்டு வாசிக்கப்பட்ட ஊர்

மூன்று நிகழ்வுகளுள் மிக விரிவாகக் கருதத்தக்கது இருவேல்பட்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயல், மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழையைப் பொழிந்தது. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டதால் தென்பெண்ணைக் கரையூர்கள் நீரில் மூழ்கின. விழுப்புரத்துக்குத் தெற்கே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய இருவேல்பட்டில் மக்கள் சாலையை மறித்தனர். சேறு வீசப்பட்ட காணொலி மாநிலம் முழுவதும் பரவியது. அதைக் கண்டோர் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற இரு நிலைகளில் நின்று கருத்துரைத்தனர். ஊரின் பெயர் காணொலிக்குத் தலைப்பாக மட்டும் பயன்பட்டது.

அவ்வூர் ஒரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து ஆராயப்பட்ட ஊர் என்பதைப் பெரும்பாலோர் அறியார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் பொறுப்பேற்ற கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரை ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு, வீடு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். 1916இல் தொடங்கிய இம்முயற்சி 1918இல் ‘சில தென்னிந்தியச் சிற்றூர்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவற்றோடு அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டும் அதனுள் இடம்பெற்றது.

பின்னர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மறு ஆய்வு செய்து 1940இல் நூலாக்கினர். மார்கரெட் ஹாஸ்வெல் 1960களில் இருவேல்பட்டை ஆராய்ந்தார். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்திலும், ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலும் அவ்வூருக்குச் சென்றனர். கடைசி ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரே ஊரை ஐந்து தலைமுறை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருப்பது இந்தியச் சமூக அறிவியலில் அரிய வாய்ப்பு.

இவ்வாய்வுகளைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது ஓர் ஊரின் அதிகாரம் இடம்பெயரும் விதம் புலனாகிறது. தொடக்கத்தில் நிலமும் செல்வாக்கும் ரெட்டியார் நிலக்கிழார் குடும்பத்திடம் குவிந்திருந்தன. தலித் உழைப்பாளர் பலர் கடனால் பிணைக்கப்பட்ட படியாள்களாக இருந்தனர். நூற்றாண்டின் போக்கில் அப்பிணைப்பு தளர்ந்தது. பழைய நிலக்கிழாரின் மேலாண்மை தேய்ந்தது. ஊரின் வருவாய் வேளாண்மைக்கு வெளியேயும் விரிந்தது. தலித்துகள் நிலவுடைமையாளரை முற்றிலும் சார்ந்திருந்த நிலை மாறியது. ஆயினும் சொத்துரிமையின் ஏற்றத்தாழ்வு அகன்றுவிடவில்லை என்பதையும் அவ்வாய்வுகள் மறைக்கவில்லை.

இப்பின்னணியில் 2024 டிசம்பர் நிகழ்வு வேறு பொருள் தருகிறது. 1916இல் வெள்ளமோ வறட்சியோ வந்தால் இருவேல்பட்டுப் படியாள் கையேந்தக்கூடிய இடம் பண்ணை வீட்டுத் திண்ணை. அங்கே பெறும் நெல் கடனாகும். கடன் அடுத்த ஆண்டு உழைப்பைப் பிணைக்கும். 2024இல் அவ்வூர் மக்கள் எந்த வீட்டுத் திண்ணைக்கும் செல்லவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்து அரசை நோக்கி, உரிமையாகக் கேட்டனர். சேறு வீசிய செயல் முறையா என்பது வேறு வினா. அதை நியாயப்படுத்த வேண்டிய தேவை இங்கில்லை. கேட்கும் இடம் பண்ணையிலிருந்து அரசுக்கு மாறியிருக்கிறது, கேட்கும் தொனி இரத்தலிலிருந்து உரிமைக்கு மாறியிருக்கிறது எனக் கருத இடமுண்டு. நூறாண்டு மாற்றத்தின் ஒரு முனை அக்காணொலியில் இருந்தது. நூலை வாசியாதவர்க்கு அதில் சேறு மட்டுமே தெரிந்தது.

இவ்வாய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பது வருந்தத்தக்க உண்மை. இருவேல்பட்டைப் பற்றி அறிய வேண்டுமெனில் அவ்வூர்ப் பிள்ளையே ஆங்கில ஆய்விதழைத் தேடிச் செல்லவேண்டும். ஆனந்தரங்கர் நாட்குறிப்புக்கு நேர்ந்த நிலை வேறொரு வடிவில் இங்கும் தொடர்கிறது.

வாசகர் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

நூல்களைப் பரிந்துரைத்தல் எளிது. எவ்வாறு வாசிப்பது என்பதைப் பயிற்றுவிப்பதே ஆசிரியரின் பணி. மேற்கண்ட நூல்களிலிருந்து நான்கு கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம். எழுதியவர் எங்கு நின்று கண்டார்? நிகழ்ந்தபோதே எழுதினாரா, பின்னர் நினைவிலிருந்து எழுதினாரா? யாருக்காக எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்?

ஆனந்தரங்கர் ஆளுநர் மாளிகையின் அருகில் நின்று, அன்றன்றே எழுதினார். சீனிவாசாச்சாரி இரு நூற்றாண்டுகளுக்குப் பின், ஆவணங்களின் துணையோடு, கல்வியுலகுக்காக எழுதினார். சோமலெ தாம் மதித்த தலைவரைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்த எழுதினார். சிலேட்டரின் மாணவர் கல்லூரிக் கல்வி சிலருக்கே எட்டிய காலத்தில், அக்கல்வி எட்டாத குடும்பங்களின் கடனைக் கணக்கெடுத்தனர். கணக்கெடுக்கப்பட்டவர் அவர்களிடம் எதைச் சொல்லத் தயங்கினர் என்பது நான்காம் கேள்வியைச் சார்ந்தது. இதே கேள்விகளைக் கைப்பேசியில் வரும் காணொலியிடமும் கேட்கப் பழகிவிட்டால், மாணவர் எளிதில் ஏமாறமாட்டார். பாயிரத்தில் நூலின் வழி, எல்லை, கேட்போர், பயன் ஆகியவற்றை வினவிய தமிழ் மரபுக்கு இக்கேள்விகள் புதியனவல்ல.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இப்பணி வரலாற்றுத் துறைக்கு உரியது என்பது. தமிழாய்வின் வரலாறு இதை ஏற்கவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ இலக்கிய அறிவும் வரலாற்று அறிவும் ஒருவரிடமே இணைந்தபோது கிடைத்த பயன். மேல்சித்தாமூர் சமண மடத்தைக் கொண்ட திண்டிவனம் பகுதிக்கு அந்நூலின் தேவை தனியே கூறவேண்டியதன்று. நா. வானமாமலை வழக்காறுகளிலிருந்து சமூக வரலாற்றை எழுதினார். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஒரு தமிழ் முனைவர்ப் பட்ட ஆய்வேடு. ஒரு கோயிலைச் சுற்றிய சாதிகளையும் சடங்குகளையும் ஆராய்ந்த அந்நூல் தமிழில் வட்டார ஆய்வுக்கு முன்மாதிரியாயிற்று. இத்துறையில் தமிழ்த்துறை விருந்தாளியன்று.

இரண்டாவது, பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது. புதிய தாள் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பது இங்குக் கோரிக்கையன்று. உரைநடை பயிலும் பருவத்தில் ஒரு நடப்புச் செய்தி, அதன் பின்னணியை விளக்கும் ஒரு நூல், அவ்விடத்துக்கு ஒரு நேரடிப் பயணம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதச் செய்தல் போதும். செஞ்சியும் ஓமந்தூரும் திண்டிவனத்திலிருந்து பேருந்தில் ஒரு முற்பகலில் சென்றுவரத்தக்க தொலைவில் உள்ளன.

மூன்றாவது, நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது. இம்மறுப்பில் உண்மை உண்டு. அதுவே தமிழ்த்துறைக்குரிய பணியையும் சுட்டுகிறது. இருவேல்பட்டு ஆய்வுகளைத் தமிழாக்குதல் ஒரு முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு இணையான உழைப்பைக் கோருவது. அதற்கு இணையான மதிப்பையும் பெறவேண்டியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மிகுதியாகப் பயிலும் இவ்வட்டாரக் கல்லூரிகளில், தம் ஊரைப் பற்றிய அறிவு தம் மொழியில் இல்லை என்னும் நிலை கல்வியின் குறையே அன்றி மாணவரின் குறையன்று.

முடிவுரை

நடப்புச் செய்தி ஒரு வாசல்; வரலாற்று நூல் அதன் உள்ளே உள்ள வீடு. செஞ்சியின் மரபுரிமைத் தகுதியை விளங்கிக்கொள்ள 1943ஆம் ஆண்டு நூலும், அந்நூல் விட்டுவிட்டவற்றுள் சிலவற்றை அறிய ஆனந்தரங்கர் நாட்குறிப்பும், மேல்பாதியை விளங்கிக்கொள்ள ஓமந்தூராரின் வரலாறும் அது பேசாத இடைக்கால நிகழ்வுகளும், இருவேல்பட்டின் சேற்றை விளங்கிக்கொள்ள நூறாண்டு ஊராய்வுகளும் வேண்டும். இவற்றை நான்கு கேள்விகளோடு வாசிக்கப் பயிற்றுதல் தமிழ்த்துறையின் கடமைக்குள் அடங்கும்.

வாசிப்பு எழுத்தாக முதிர்தல் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. 1916இல் ஒரு பேராசிரியர் கேட்டதால் மாணவர் ஊர்களைக் கணக்கெடுத்தனர். அக்கணக்கு நூறாண்டு கடந்தும் பயன்படுகிறது. 2024இல் மயிலத்திலும் தென்பெண்ணைக் கரையிலும் வெள்ளத்தைக் கண்ட மாணவர் நூற்றுக்கணக்கினர். எவர் வீட்டில் நீர் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு நெல் அழிந்தது, நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் இன்று தமிழில் எழுதிவைத்தால், அடுத்த வெள்ளத்தின்போது செய்தியைப் படிப்பவர்க்கு எடுத்துப் பார்க்க ஒரு நூல் இருக்கும்.